ஷவர் ட்ரேயும் ரோமாபுரிக் கொத்தனாரும்

ஆன்சைட் வந்த புதுசு. இங்கிலாந்தில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தேன். ஒரு நாள் ஆபீஸில் ஆணி புடுங்கிட்டுக் களைச்சுப் போய் வந்தால், கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். அவர் வீட்டு சீலிங்கில் தண்ணீர் சொட்டுதாம். ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டேன். "குளிக்கும்போது தண்ணியை வெளியே ஊத்தியிருப்பீங்க"ன்னு ஒரே போடாப் போட்டுட்டார். ஒரு மாச வாடகை டெபாசிட்டு போச்சுடான்னு நினைச்சேன்.

காப்பாத்தினது பிளம்பர்தான். நான் நின்று குளிக்கும் அந்த வெள்ளைத் தட்டு (ஷவர் ட்ரே) இருக்கே, அதைப் பெயர்த்து எடுத்துக் காட்டினார். அந்த மாடியில் மரத் தரை. கழிவுநீர்க் குழாய் போக வேண்டிய வழிக்குக் குறுக்கே மரச்சட்டங்கள். அவற்றை இஷ்டத்துக்கு வெட்டினால் தரையே வலுவிழந்துவிடும். ட்ரேக்கு அடியில் ஒரு ட்ராப் வேணும். சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்க அதில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கணும். அதிலிருந்து போகும் குழாய்க்கு மீட்டருக்குக் குறைஞ்சது 18 மில்லிமீட்டர் வாட்டம் வேணும். இதெல்லாம் கூட்டிப் பார்த்தால், ட்ரேயை உயர்த்துவதைத் தவிர வேற வழியில்லை.

உயர்த்தினது தப்பில்லை, உயர்த்தின விதம்தான் தப்பு. யாரோ ஒரு புண்ணியவான் நாலு மூலையிலும் நாலு கட்டையை வெச்சுட்டுப் போயிருந்தார். நடுவில் வெறும் காற்று. நான் ஏறி நிற்கும்போதெல்லாம் ட்ரே லேசா வளைஞ்சு, சுவரோரம் அடைத்திருந்த சிலிக்கான் பிரிஞ்சு, தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கு. பிளம்பர் நெருக்கமாச் சட்டம் அடிச்சு, மேலே கெட்டியான பிளைவுட் போட்டு, அதன் மேல் கலவையைப் பரப்பி ட்ரேயை உட்கார வைத்தார். தட்டின் ஒவ்வொரு இடத்துக்கும் அடியில் ஏதாவது தாங்கணும் என்பதுதான் அவர் சொன்ன பாடம். டெபாசிட்டும் பிழைச்சது :-)

சரி, இதில் வரலாறு எங்கே வந்தது? அடுத்த வாரக் கடைசியில் பாத் நகரத்துக்குப் போனேன். ரோமானியர்கள் கட்டிய குளியல் கூடம் அங்கே இருக்கு. ஒரு நாளைக்குப் பதினொரு லட்சம் லிட்டருக்கு மேல் வெந்நீர் தானா ஊறும் ஊர். பெரிய குளத்தின் அடியில் 45 ஈயத் தகடுகள் பதிச்சிருக்காங்க. (ஈயத்துக்கு லத்தீனில் பிளம்பம். பிளம்பர் என்ற சொல் பிறந்தது அதிலிருந்துதான்!) எல்லாரும் குளத்தைப் படம் எடுத்துக்கிட்டிருக்க, நான் பக்கத்து அறையில் அப்படியே நின்னுட்டேன். தரை போன இடத்தில், வரிசை வரிசையா செங்கல் ஓட்டுத் தூண்கள். பார்த்ததும் நம்ம பிளம்பர் ஞாபகம்தான்.

அது வெந்நீர்க் குளியலுக்கான சூடான அறை. தரையைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தி, அடியில் உலையின் வெப்பக் காற்றை ஓடவிடுவார்கள். இதை எப்படிக் கட்டணும்னு கி.மு. முதல் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார். எட்டு அங்குலச் செங்கல், முடி கலந்து பிசைஞ்ச களிமண், இரண்டடி உயரத் தூண். மேலே இரண்டடி ஓட்டுப் பலகைகள். தூண்களின் இடைவெளியே அந்தப் பலகையின் அளவைக் கணக்குப் பண்ணித்தான். ஒவ்வொரு பலகையின் நாலு மூலையும் ஒவ்வொரு தூணில் உட்காரும். தூணின் தடிமனைக் கழிச்சால், தாங்கல் இல்லாத இடைவெளி சுமார் 40 சென்டிமீட்டர்தான். அதுக்கு மேலே கெட்டியான காரைத் தளம் வேற.

என் ட்ரேக்கும் நாலு மூலைதான், இதுக்கும் நாலு மூலைதான். ஆனா அங்கே பாரம் நெருக்கமான தூண்களுக்குப் பிரிஞ்சு போகுது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வாட்டத்தையும் அவர் விடவில்லை. இது தண்ணீருக்கான வாட்டம் இல்லை, நெருப்புக்கானது. தூண்கள் நிற்கும் அடித்தளம் உலை வாயை நோக்கிச் சரிஞ்சிருக்கணும். உள்ளே ஒரு பந்தைப் போட்டால் நிற்காமல் உருண்டு திரும்பி வரணுமாம். எவ்வளவு எளிமையான டெஸ்ட் கேஸ் பாருங்க!

இந்தத் தொங்கும் குளியலறையைக் கண்டுபிடிச்சது செர்ஜியஸ் ஒராடா என்ற சிப்பி வியாபாரி என்கிறார் பிளினி. மாளிகைகளில் இதைப் பொருத்தி நல்ல விலைக்கு விற்றாராம். அந்தக் காலத்து ரியல் எஸ்டேட்! ஆனால் அடியில் சூடேற்றிய குளியல் அறைகள் அவருக்கு முன்பே கிரேக்கத்தில் இருந்திருக்கு. அதனால் அவரை நல்ல வியாபாரின்னு மட்டும் வெச்சுக்கலாம்.

கி.பி. 410 வாக்கில் ரோம ஆட்சி பிரிட்டனை விட்டுப் போச்சு. கூரை சரிஞ்சது, சேறு மூடியது. 1878 வாக்கில் நகர சர்வேயர் மேஜர் சார்லஸ் டேவிஸ் ஒரு கசிவைத் தேடித் தோண்டப் போய்த்தான் ரோமானியக் கட்டடம் வெளியே வந்தது. கசிவு இல்லேன்னா இன்னும் எத்தனை நாள் மண்ணுக்குள் கிடந்திருக்குமோ!

மேலே ஓடியவற்றையெல்லாம் காலம் கொண்டு போயிருச்சு. யாரும் பார்க்க மாட்டாங்கன்னு அலட்சியமா விடாமல் அடியில் நிறுத்தின தூண்கள் இன்னும் நிக்குது. கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன். ஊரில் புது பாத்ரூம் கட்டிக்கிட்டிருந்தார். விட்ருவியஸ் கதையை விரிவாச் சொல்லி, "தரையில ஒரு கோலிக்குண்டை உருட்டி வாட்டம் பாருங்கப்பா"ன்னேன்.

"கொத்தனார் நேத்தே ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாத்துட்டார்டா"ன்னு சொல்லி போனை வெச்சுட்டார்.