மீன் சந்தைக் கணக்கேடும் வோல்தெர்ராவும்

முதல் உலக யுத்தம் ஓய்ந்து சில ஆண்டுகள் சென்றபின், அட்ரியாடிக் கடலோரத்துத் துறைமுகங்களின் மீன் சந்தைக் கணக்கேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த உம்பெர்த்தோ தன்கோனா என்ற விலங்கியல் அறிஞர், ஃபியூமே சந்தைக்கு வந்த மீன்களில் சுறா, திருக்கை முதலிய வேட்டைமீன்களின் பங்கு 1914-இல் நூற்றுக்கு 11.9 ஆக இருந்து, 1918-இல் 36.4 ஆக உயர்ந்து, வலைகள் பழையபடி கடலில் இறங்கியபின் 1923-இல் 10.7 ஆகத் தாழ்ந்திருப்பதைக் கண்டு திகைத்தார். யுத்தத்தால் மீன்பிடித்தொழில் நலிந்தது உண்மை; வலைக்குத் தப்பிய மீன்கள் பெருகியிருக்கலாம் என்பதும் நியாயமே; ஆயினும் இரையாகும் மீன்களுக்கு வாய்க்காத அந்த விசேஷ லாபம் அவற்றைத் தின்னும் மீன்களுக்கு மட்டும் எப்படி வாய்த்தது?

இந்தச் சந்தேகத்தை அவர் தம் மாமனாரான வீத்தோ வோல்தெர்ராவிடம் சொன்னார். இப்படிக் கேள்வி கேட்கும் மருமகன் எல்லோருக்கும் அமைவதில்லை! ரோமாபுரியில் கணிதப் பேராசிரியராக விளங்கிய வோல்தெர்ரா, பின்னாளில், 1931-இல், பாசிஸ ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துப் பதவியை இழந்த தீரர்.

இரைமீன் தன் தொகைக்குத் தக்க விகிதத்தில் பெருகும் என்றும், இரை கிட்டாத வேட்டைமீன் அவ்வாறே தன் தொகைக்குத் தக்க விகிதத்தில் குறையும் என்றும், இரண்டும் எதிர்ப்படுவது இரு தொகைகளின் பெருக்கற்பலனைப் பொறுத்தது என்றும் கொண்டு, 1926-இல் அவர் இரண்டே சமன்பாடுகளை வெளியிட்டார். அவற்றின்படி இரு தொகைகளும் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஏறியும் இறங்கியும் சுழல்கின்றன. அதனினும் ஆச்சரியம், அச்சுழற்சியின் சராசரி பற்றியது: இரைமீனின் சராசரித் தொகையை அதன் சொந்த இனப்பெருக்க வேகம் தீர்மானிப்பதில்லை, வேட்டைமீன் மடியும் வேகமே தீர்மானிக்கிறது. வேட்டைமீனின் சராசரியையோ இரைமீனின் பெருக்கமே நிர்ணயிக்கிறது. ஆகவே, அளவோடு வீசப்படும் வலை இரண்டையும் ஒருங்கே வாரினாலும், வேட்டைமீனின் மரணத்தை மிகுவித்து இரைமீனுக்கு நன்மையையும், இரைமீனின் பெருக்கத்தைக் குறைத்து வேட்டைமீனுக்குத் தீமையையும் செய்கிறது. வலை ஓய்ந்தால் பலன் தலைகீழாகும். ஃபியூமேயில் நிகழ்ந்தது இதுவே.

அமெரிக்காவில் ஆல்பிரட் லோட்கா இதே சமன்பாடுகளை முன்னதாகவே எழுதியிருந்ததால், இன்று இருவர் பெயராலும் அவை வழங்குகின்றன. இது நியாயமான தீர்ப்பே.

எனினும், மாஸ்கோவில் காஸ் என்ற இளம் விஞ்ஞானி சோதனைக்குழாயில் இரு நுண்ணுயிர்களை இட்டுப் பார்த்தபோது, எதிர்பார்த்த சுழற்சி தோன்றவில்லை. வேட்டையுயிர் இரையை முற்றும் தின்று தீர்த்துவிட்டுத் தானும் பட்டினியால் மாண்டது. 1934-இல் நூலாக வெளிவந்த அந்த ஆராய்ச்சியை அடுத்த இதழில் காண்போம்.