குளிர்ச்சியும் குளிர்த்தியும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வைகாசி என்றால் கச்சான் காற்று. வயல் வெடித்துக் கிடக்கும். அந்தக் காய்ச்சலின் நடுவேதான் கண்ணகை அம்மன் கோயில்கள் கதவு திறக்கின்றன. ஆரையம்பதி, செட்டிபாளையம், தெற்கே காரைதீவு, தம்பிலுவில் என ஊர் ஊராகச் சடங்கு. அதன் நிறைவுக்குப் பெயர் குளிர்த்தி. அறிவித்தல்களில் அது ‘திருக்குளிர்த்தி’ ஆகும், ஊர்வாயில் ‘குளுத்தி’.

குளிர்ச்சி என்றொரு சொல் இருக்க, இது எதற்கு? குளிர்த்து என்ற பிறவினை இதற்குள் நிற்பதாகவே எனக்குக் கேட்கிறது. குளிர்ச்சி தானாக வரலாம். குளிர்த்தியை ஒருவருக்கு இன்னொருவர் செய்ய வேண்டும். இரண்டும் கோயிலில் அருகருகே நிற்கின்றன: சடங்கு நாட்களில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரை ஏட்டின் முடிவில் வருவது குளிர்ச்சிக் காதை, சடங்கின் முடிவில் வருவது குளிர்த்தி. ஏட்டில் உள்ளதை ஊர் தன் கையால் செய்துகாட்டுகிறது.

1968இல் வி.சீ. கந்தையா பதிப்பித்த அந்த வழக்குரை, சிலப்பதிகாரத்தின் வழியிலேயே முழுவதும் நடப்பதில்லை. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியை இடைச்சியர் வெண்ணெய் சாத்தித் தணிவித்த கதை கிழக்கிலங்கை எங்கும் வழங்குவது. இளங்கோவிடம் அது இல்லை. அங்கே தணிவு வேறு வகையில் வருகிறது. வாழ்த்துக் காதையில் தெய்வமாகத் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்கிறாள். தன்னை அவன் மகள் என்றே சொல்லிக்கொள்கிறாள். கணவனைக் கொல்வித்தவனை! தமிழிலக்கியத்தில் இதைவிடப் பெரிய மன்னிப்பை நான் படித்ததில்லை. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையோ நாட்டின் பக்கம் நின்று பேசுகிறது: பாண்டிநாட்டில் மழை பொய்த்தது, வெப்புநோய் தொடர்ந்தது, வழிபட்ட பின் மழை பெய்தது. இலங்கைக் கயவாகு கோட்டம் எடுத்ததையும் அது சொல்கிறது. அம்மை நோயையே ‘அம்மாள்’ என்றழைத்த வாவிக்கரை மக்களுக்கு இது விளக்கம் வேண்டாத செய்தி.

கருணையைத் தண்ணளி என்ற மொழி இது. மனம் குளிர்ந்தது என்றால் பகை போயிற்று என்று நாம் விளங்கிக்கொள்கிறோம்.

ஆனால் அந்தக் குளிர் நேரே கிடைப்பதில்லை என்பதையே ஏடு படித்தல் எனக்குச் சொல்கிறது. வரம் பெற்றது, கடலோடியது, கலியாணம், மாதவி, சிலம்பு, கொலைக்களம் என எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். கொலைக்களக் காதை நெஞ்சை அறுக்கிறதென்று அதைத் தாண்டிப்போக முடியாது. கேட்டிருப்பவர்களுக்கும் அவரவர் வழக்கு உண்டு: பங்கு பிரிக்கையில் முறிந்த உறவு, போரில் போய்த் திரும்பாத பிள்ளை. கண்ணகியின் வழக்கு உரைக்கப்படும்போது அவையும் உள்ளே எழுந்து நிற்கின்றன. நடந்த அநியாயம் ஊரறியச் சொல்லித் தீர்ந்த பிறகே குளிர்த்திப் பாட்டுத் தொடங்கும். வேப்பிலை நீரில் தோயும். வழக்கைக் கேளாமல் ஒருவரைப் ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்ல இந்தச் சடங்கில் இடமே இல்லை.