இருமல் மருந்தாய் வந்த ஹெராயின்

உங்கள் வீட்டுச் சமையலறையில் கசகசா இருக்கும். குருமாவுக்கு அரைக்கும் அந்த விதையைத் தரும் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்து பழுப்பேறினால் அபின். (கசகசாவைக் கண்டு அஞ்ச வேண்டாம், போதை காயின் பாலில்தான்.)

அபின் வலியைத் தணிக்கும் என்பதை மனிதன் நெடுங்காலமாக அறிவான். உண்டவனை அது எளிதில் விடாது என்பதையும் அறிவான். முதற்குணத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதை நீக்கிவிட முடியாதா? இந்த ஆசையில்தான் நம் கதை பிறக்கிறது.

1805-ஆம் ஆண்டையொட்டி ஸெர்ட்டூர்னர் என்ற ஜெர்மானிய மருந்துக்கடை உதவியாளர் அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். 1853-இல் எடின்பரோ மருத்துவர் அலெக்ஸாண்டர் உட் அதனை ஊசி வழியே செலுத்தினார். வாயால் உண்டால்தானே ஏக்கம் பிறக்கும், ஊசியில் வராது என்று பலர் நம்பினர். வந்தது, முன்னிலும் கடுமையாக வந்தது.

1874-இல் லண்டனில் ரைட் என்பவர் மார்பினை மாற்றியமைத்துப் புதுப்பொருள் ஒன்றை ஆக்கினார். அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1897 ஆகஸ்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அதனை மீண்டும் தயாரித்தார். அதே மாதத்தில் அதே ஆய்வகத்தில் உருவானதுதான் ஆஸ்பிரின்! மறு ஆண்டு 'ஹெராயின்' என்ற பெயரில் புதுப்பொருள் விற்பனைக்கு வந்தது. எதற்குத் தெரியுமா? இருமலுக்கு. காசநோயும் நிமோனியாவும் மக்களை வாரிக்கொண்டு போன காலம் அது. இரவெல்லாம் இருமித் துடித்தவருக்கு உறக்கம் தந்த மருந்தை மருத்துவர்கள் வரவேற்றதில் வியப்பில்லை. மார்பினைப் போல் இது அடிமையாக்காது என்ற பேச்சும் உடன் பரவியது.

உண்மை வேறாக இருந்தது. மார்பினைவிட ஹெராயின் மூளைக்குள் விரைந்து நுழைகிறது. நுழைந்ததும் மார்பினாகவே மாறிவிடுகிறது. மாறுவேடத்தில் வந்த பழைய ஆள்தான்! பின்னாளில் பேயர் தயாரிப்பை நிறுத்தியது. 1924-இல் அமெரிக்கா தடை விதித்தது.

ஏன் இந்தத் தோல்வி? விடை 1973-இல்தான் கிடைத்தது. மார்பின் சென்று பொருந்தும் 'பூட்டுகள்' நம் நரம்பணுக்களில் இருப்பதை அமெரிக்காவில் பெர்ட், ஸ்னைடர் இருவரும் காட்டினர். இரண்டாண்டு கழித்து, அப்பூட்டுகளுக்குரிய சாவியை மூளையே சுரப்பதை அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் கண்டனர். வலியை அடக்குவதும், இன்பம் தருவதும், மூச்சைத் தளர்த்துவதும் பெரும்பாலும் ஒரே வகைப் பூட்டின் வேலை! மருந்து நாள்தோறும் வந்தால் அணுக்கள் அதற்குப் பழகிவிடும், அளவு ஏறும். நிறுத்தினால் உடல் நோவு, வயிற்றுப்போக்கு, மயிர்க்கூச்சம். அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும்.

இவ்வளவும் தெரிந்த பின்னும் 1996-இல் அமெரிக்காவில் 'ஆக்ஸிகான்டின்' என்ற வலிமாத்திரை விற்பனைக்கு வந்தது. மெல்லக் கரைவதால் அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்றார்கள். அது தவறான விளம்பரம் என்று 2007-இல் அதன் நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் நோய் பரவிவிட்டது. 2022-இல் மட்டும் அந்நாட்டில் போதைப்பொருள் மிகையால் மாண்டவர் ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோரின் சாவில் அபின் குணமுடைய மருந்துகளுக்குப் பங்குண்டு.

அப்படியானால் மார்பினையே ஒழித்துவிடலாமே என்கிறீர்களா? புற்றுநோயாளியின் படுக்கையருகே ஒரு நாள் இருந்து பாருங்கள், அப்படிக் கேட்கமாட்டீர்கள். 1985-இல் வந்த நமது போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், கசகசாச் செடி வளரும் இந்நாட்டிலேயே மருத்துவமனைகளுக்கு மார்பின் கிடைப்பது அரிதாயிற்று. வலியில் துடித்தவர்களுக்காக அச்சட்டம் திருத்தப்பட்டது 2014-ஆம் ஆண்டில்தான்.