சதுரங்கத்துக்கு ரெண்டரை லட்ச ரூபாய் லேப்டாப் வேணுமா?

(ஒலிபரப்பான எபிசோடை, படிக்க வசதியாகச் சுருக்கி எழுத்தாக்கியது.)

போன வாரம் செங்கல்பட்டிலிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. அனுப்பினது காலேஜ் படிக்கிற ஒரு அக்கா. அவங்க தம்பிக்கு 13 வயசு. செஸ் ஆடுறான், மாவட்டப் போட்டிகளைத் தாண்டி இப்போ மாநிலப் போட்டிகளுக்குப் போக ஆரம்பிச்சிருக்கான். அவங்க கேட்டது இதுதான்: "கடையில விசாரிச்சோம். செஸ் என்ஜின் நல்லா ஓடணும்னா டாப் கிராபிக்ஸ் கார்டு இருக்கிற கேமிங் லேப்டாப்தான் வாங்கணும்னு சொல்றாங்க. ரெண்டரை லட்சம் ஆகுது. அம்மா நகையை அடகு வைக்கலாமான்னு அப்பா யோசிக்கிறார். வாங்கலாமா அண்ணா?"

நம்ம ஷோ வரலாற்று ஷோ. லேப்டாப் ரிவ்யூ பண்ற சேனல் இல்லை. ஆனா இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு நல்ல பதில் இருக்கு. அந்தக் கடைக்காரர் பொய் சொல்லலை. ஒரு காலத்தில் அவர் சொன்னது உண்மை. அந்தக் காலம் எப்போ வந்தது, எப்போ போச்சு, அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

சதுரங்கப்பட்டினம் பக்கத்தில்

மாமல்லபுரத்திலிருந்து ஈசிஆரில் தெற்கே போனா, கல்பாக்கத்தை ஒட்டி ஒரு ஊர் வரும். பேரு சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டின கோட்டை இன்னும் அங்கே நிக்குது. ஐரோப்பியர்கள் வாயில் அந்தப் பேர் 'சட்ராஸ்' ஆச்சு. 1782 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கப்பற்படையும் பிரெஞ்சு கப்பற்படையும் இந்தக் கடலில்தான் மோதிக்கிட்டாங்க.

அதே கரையில், 240 வருஷம் கழிச்சு, இன்னொரு படையெடுப்பு நடந்தது. 44வது செஸ் ஒலிம்பியாட். முதலில் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே அதை அங்கிருந்து எடுத்துடுச்சு. மார்ச்சில் தமிழ்நாட்டுக்குக் கிடைச்சது. நாலே மாசத்தில் ஏற்பாடு. ஜூலை 28 அன்று சென்னையில் தொடக்க விழா. மறுநாள் முதல் மாமல்லபுரம் பூஞ்சேரியில் ஆட்டங்கள். ஓபன் பிரிவில் மட்டும் 180க்கும் மேற்பட்ட அணிகள்.

அந்த அரங்கத்துக்குள்ளே போன், ஸ்மார்ட் வாட்ச் எதுவும் கூடாது. ஆனா அரங்கத்துக்கு வெளியே, ஹோட்டல் அறைகளில், ராத்திரி முழுக்க மெஷின்கள் ஓடிக்கிட்டிருக்கும். நாளைக்கு எதிராளி என்ன திறப்பு ஆடுவார், அதுக்கு என்ன பதில் என்று பயிற்சியாளர்கள் தேடிக்கிட்டே இருப்பாங்க. இன்றைய செஸ்ஸில் கம்ப்யூட்டர் இல்லாமல் மேல் மட்டத்தில் தயாராக முடியாது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் என்பதுதான் கேள்வி.

குறைஞ்சுக்கிட்டே போன ஒரு எண்

செஸ் கம்ப்யூட்டரை அளக்க ஒரு பழைய அளவுகோல் உண்டு. ஒரு வினாடிக்கு எத்தனை நிலைகளை அது பரிசீலிக்குது? காரில் குதிரைத்திறன் கேட்கிற மாதிரி. இந்த எண்ணின் கதையைப் பார்த்தாலே பாதி பதில் கிடைச்சிடும்.

1997 மே. நியூயார்க். ஐபிஎம்மின் டீப் ப்ளூ, உலக சாம்பியன் கேரி காஸ்பரோவை மூணரைக்கு ரெண்டரை என்ற கணக்கில் ஜெயிச்சது. அது சூப்பர் கம்ப்யூட்டர். செஸ்ஸுக்கென்றே செய்த 480 சிப்கள் உள்ளே இருந்தன. வேகம், வினாடிக்கு சுமார் 20 கோடி நிலைகள்.

2006, ஜெர்மனியின் பான் நகரம். டீப் ஃப்ரிட்ஸ் என்ற மென்பொருள், அப்போதைய உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக்கை நாலுக்கு ரெண்டு என்று ஜெயிச்சது. கடையில் கிடைக்கிற இன்டெல் பிராசசர்கள் ரெண்டு போட்ட கம்ப்யூட்டர் அது. வேகம், வினாடிக்கு சுமார் 80 லட்சம். டீப் ப்ளூவில் இருபத்தஞ்சில் ஒரு பங்குதான். ஆனாலும் உலக சாம்பியனைத் தோற்கடிக்க அது போதுமானதா இருந்தது. ஏன்னா, எதைத் தேட வேண்டாம் என்று அதுக்குத் தெரிஞ்சிருந்தது.

2017 டிசம்பர். கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஜீரோவை அறிவிச்சது. தனக்குத்தானே ஆடி ஆடிக் கற்றுக்கொண்ட நியூரல் நெட்வொர்க். அன்றைக்கு வலுவான என்ஜின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ்ஷுடன் 100 ஆட்டம். 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை. ஸ்டாக்ஃபிஷ்ஷுக்குக் கொடுத்த அமைப்பு சரியில்லைன்னு அப்பவே சண்டை நடந்தது, அது தனிக் கதை. நமக்கு வேண்டியது எண்: ஸ்டாக்ஃபிஷ் வினாடிக்கு 7 கோடி நிலை பார்த்தது. ஆல்ஃபாஜீரோ பார்த்தது வெறும் 80 ஆயிரம்.

20 கோடி, 80 லட்சம், 80 ஆயிரம். எண் இறங்க இறங்க ஆட்டம் ஏறியிருக்கு.

கேமிங் கார்டு செஸ்ஸுக்குள் வந்த கதை

இங்கேதான் நம்ம கடைக்காரர் வர்றார். ஆல்ஃபாஜீரோவை டீப்மைண்ட் யாருக்கும் கொடுக்கலை. அதனால 2018ல் தன்னார்வலர்கள் சேர்ந்து அதே யோசனையில் லீலா செஸ் ஜீரோ என்ற இலவச என்ஜினைக் கட்டினாங்க. நியூரல் நெட்வொர்க்குக்கு ஒரே மாதிரியான கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடணும். அந்த வேலைக்குன்னே பொறந்தது கிராபிக்ஸ் கார்டு. கேம் ஆடுறதுக்காக வீட்டில் ஜிபியூ வாங்கி வெச்சிருந்தவங்க, ராத்திரி தூங்கப் போகும்போது அதை லீலாவின் பயிற்சிக்கு விட்டுட்டுப் போனாங்க.

லீலா வேகமா வளர்ந்தது. 2019ல் என்ஜின்களுக்கான பெரிய போட்டியான டிசிஇசியின் 15வது சீசனை ஜெயிச்சது. "நல்ல ஜிபியூ இருந்தா நல்ல செஸ்" என்ற பேச்சு பரவினது இப்போதான். பயிற்சியாளர்கள் கேமிங் லேப்டாப் வாங்க ஆரம்பிச்சாங்க. அந்த ரெண்டு வருஷத்துக்கு அது சரியான அறிவுரை.

2020ல் கதை திரும்பிச்சு. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு என்பவர் 2018ல் ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்கை வடிவமைச்சிருந்தார். அதன் விசேஷம், கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை, சாதாரண பிராசசரிலேயே ஓடும். அந்த முறையை ஸ்டாக்ஃபிஷ்ஷுக்குள் பொருத்தினாங்க. 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 அப்படி வந்ததுதான். அன்றிலிருந்து பெரும்பாலும் அதுதான் உச்சியில் இருக்கு. இலவசம். உங்க போனிலேயே ஓடும். போனில் ஓடுற ஸ்டாக்ஃபிஷ்ஷையே எந்த மனுஷனாலும் ஜெயிக்க முடியாது.

ஆக, கடையில் கேட்ட அறிவுரை 2019 ஆம் ஆண்டு அறிவுரை. காலாவதி ஆனது தெரியாமல் இன்னும் ஷெல்ஃபில் இருக்கு.

பெரிய மெஷின் ஜெயிக்குமா?

"சரி அண்ணா, ஆனா பெரிய மெஷின் இருந்தா கொஞ்சமாவது கூடுதல் பலம்தானே?" நியாயமான கேள்வி. 2010 சோஃபியாவுக்குப் போவோம். விஸ்வநாதன் ஆனந்த், பல்கேரியாவின் வெசலின் டோபலோவ், உலக சாம்பியன் போட்டி. ஐஸ்லாந்து எரிமலைப் புகையால் விமானங்கள் நின்னுபோக, ஆனந்த் ஜெர்மனியிலிருந்து ரோடு வழியாகவே போய்ச் சேர்ந்தார். டோபலோவ் தரப்பில், நூற்றுக்கும் மேற்பட்ட கோர்கள் கொண்ட கம்ப்யூட்டர் கிளஸ்டர் இருந்தது. அன்றைய சிறந்த என்ஜின் ரைப்காவின் அடுத்த பதிப்பு, ஊருக்கு வெளியாகும் முன்னாடியே அவங்க கையில் இருந்தது. ஆனந்த் தரப்பில் நல்ல உதவியாளர்கள் இருந்தாங்க. காஸ்பரோவ், கார்ல்சன் போன்றவங்களிடமும் உதவி கிடைச்சது. கடைசி 12வது ஆட்டத்தை, கருப்புக் காய்களோடு, ஆனந்த் ஜெயிச்சார். ஆறரைக்கு அஞ்சரை.

மெஷின் வீண் என்று இதுக்கு அர்த்தமில்லை. உலக சாம்பியன் போட்டியில் பெரிய மெஷின் ஒரு நுணுக்கமான லாபம் தரும். 13 வயசுப் பையன் மாநிலப் போட்டியில் தோற்பது, என்ஜின் 40வது ஆழத்துக்குப் பதிலா 38வது ஆழத்தில் நின்னதால இல்லை. குதிரை மாட்டிக்கிட்டதைப் பார்க்காததால.

அப்படியும் வாங்கணும்னா, எப்படி மதிப்பிடுறது?

சிலருக்கு இந்த லேப்டாப் உண்மையாகவே தேவைப்படும். கேம் ஆடணும், வீடியோ எடிட் பண்ணணும், ஏஐ படிக்கணும். அவங்களுக்காகச் சொல்றேன். இதுவும் எண்களைப் பற்றிய கதைதான்.

முதல்ல பேர். 'ஆர்டிஎக்ஸ் 4090' என்று டெஸ்க்டாப்பிலும் உண்டு, லேப்டாப்பிலும் உண்டு. டெஸ்க்டாப் கார்டில் 16,384 கோர்கள், லேப்டாப்பில் 9,728. உள்ளே இருக்கிற சிப்பே வேற. டெஸ்க்டாப் கார்டு 450 வாட் வரை குடிக்கும், லேப்டாப்பில் உச்சமே 175 வாட். அதுவும் ஒவ்வொரு மாடலிலும் மாறும். மெல்லிசான லேப்டாப்பில் அதே பேர் உள்ள சிப்பை 80 வாட்டிலும் ஓட்டலாம். அதனால கார்டு பேரை மட்டும் கேட்காதீங்க, "இந்த மாடலில் ஜிபியூவுக்கு எத்தனை வாட்?" என்று கேளுங்க.

ரெண்டாவது, சூடு. ஃபேன் பண்ற வேலை ஒண்ணுதான்: சிப்பின் சூட்டை அறையின் காற்றுக்கு மாத்துறது. அறை 10 டிகிரி கூடுதல் சூடா இருந்தா, சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு கூடுதல் சூடாகும். சிப் 100 டிகிரியை நெருங்கினா தானாகவே வேகத்தைக் குறைச்சுக்கும். யூடியூப் ரிவ்யூ பெரும்பாலும் ஏசி அறையில் எடுத்தது. செங்கல்பட்டில் மே மாச மத்தியானம், மொட்டை மாடிக்குக் கீழ் அறை, மேலே ஒரு சீலிங் ஃபேன். அங்கே அந்த லேப்டாப் வேற லேப்டாப்.

இதை நீங்களே அளக்கலாம், செஸ் என்ஜினை வெச்சே. ஸ்டாக்ஃபிஷ்ஷை எல்லா கோர்களிலும் ஓட விடுங்க. முதல் நிமிஷத்தில் வினாடிக்கு எத்தனை நிலை என்று குறிச்சுக்கோங்க. அரை மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. இது பிராசசரை அளக்கும். ஜிபியூவுக்கு, ஒரு கனமான கேமை அரை மணி ஓட்டி, முதல் அஞ்சு நிமிஷ ஃபிரேம் வேகத்தையும் கடைசி அஞ்சு நிமிஷத்தையும் ஒப்பிடுங்க. ரெண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா நல்ல மெஷின். பாதியா விழுந்தா, நீங்க காசு கொடுத்தது முதல் அஞ்சு நிமிஷத்துக்கு.

மூணாவது, பேட்டரி. விமானத்தில் சாதாரணமா 100 வாட்-அவர் வரைதான் அனுமதி, அதனால தயாரிப்பாளர்களும் அதுக்குள்ளேயே நிறுத்திடுவாங்க. 200 வாட் கேட்கிற மெஷினுக்கு அது அரை மணி நேரச் சாப்பாடு. அதனால பிளக்கை எடுத்ததும் வேகம் படுத்துடும். போட்டிக்கு ரயிலில் போற பையனுக்கு, முதுகில் அந்த லேப்டாப்பும் செங்கல் மாதிரி ஒரு அடாப்டரும்தான் மிச்சம்.

கடற்கரை ஓரம் வீடு இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. மாமல்லபுரத்தில் ஜன்னல் கம்பிக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. ஃபேன் அதே உப்புக் காத்தைத்தான் லேப்டாப்புக்குள்ளே இழுக்குது. ஜன்னலை விட்டுத் தள்ளி வைங்க, வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் பண்ணுங்க.

கடைசியா, அந்த 10வது சுற்று

மறுபடி 2022 ஆகஸ்ட், பூஞ்சேரி. இந்தியாவின் ரெண்டாவது அணிக்கு முதல் பலகையில் 16 வயசு குகேஷ். முதல் எட்டு ஆட்டமும் வெற்றி, அமெரிக்காவின் கருவானா உட்பட. 10வது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ். குகேஷ் கை ஓங்கியிருந்தது. யூடியூபில் பார்த்த நமக்குப் பக்கத்தில் ஒரு பட்டை, "இந்தியா ஜெயிக்குது" என்று என்ஜின் கணக்கைக் காட்டிக்கிட்டிருந்தது. உள்ளே இருந்தவனுக்கு அந்தப் பட்டை கிடையாது. களைப்பும் கடிகாரமும்தான். ஒரு தப்பு, ஆட்டம் போச்சு. அந்தச் சுற்று ரெண்டுக்கு ரெண்டு. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, இந்திய இளம் அணிக்கு வெண்கலம். குகேஷுக்கு முதல் பலகையின் தனிநபர் தங்கம்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், அதே குகேஷ் 18 வயசில் உலக சாம்பியன் ஆனார். அவரோட சின்ன வயசுப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2500 ரேட்டிங் வரும் வரை அவரை என்ஜின் பக்கமே விடலை. நிலையைப் பார்த்து யாருக்குச் சாதகம் என்று பையனே சொல்லணும், அந்தப் பழக்கம் மெஷினைக் கேட்டால் வராது என்பது அந்தப் பயிற்சியின் அடிப்படை.

செங்கல்பட்டு அக்காவுக்கு என் பதில். நகையை அடகு வைக்க வேண்டாம்மா. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற எந்த லேப்டாப்பிலும், இல்லைன்னா போனிலும், ஸ்டாக்ஃபிஷ் போதும். தம்பி முதல்ல தன் ஆட்டத்தைத் தானே நோட்டில் எழுதி, எங்கே தப்புன்னு தேடட்டும். அப்புறம் என்ஜினைத் திறக்கட்டும். அப்பாகிட்ட செலவு பண்ணப் பணம் இருந்தா, அது நல்ல பயிற்சியாளருக்கும், வெளியூர்ப் போட்டிகளுக்கான ரயில் டிக்கெட்டுக்கும் போகட்டும்.

அடுத்த போட்டி முடிஞ்சதும் தம்பி எப்படி ஆடினான்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. அடுத்த வாரம் சந்திப்போம்.