சூடிக்கொடுத்த மாலையும் நிறுவனக் கட்டமைப்பும்

ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் பதினொரு நிலைகள் கொண்டது. 192 அடி உயரம். 'ஆர்கிடெக்சர்' என்ற சொல்லைக் கேட்டதும் இந்தப் பக்கத்து மாணவன் மனத்தில் முதலில் எழுவது அந்தக் கோபுரமாகத்தான் இருக்கும். அதில் பிழையில்லை. ஆனால் கணினித்துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 'எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர்' சான்றிதழுக்காக அவன் படிக்க உட்காரும்போது அந்தக் கோபுரமே இடைஞ்சலாகிவிடுகிறது. உயரமானதாக, கண்ணுக்குத் தெரிவதாக, ஒருமுறை கட்டி முடிப்பதாக எதையோ தேடுகிறான். பாடநூலிலோ கட்டங்களும் அம்புக்குறிகளும் நூற்றுக்கணக்கான கலைச்சொற்களும்தான் இருக்கின்றன. மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறான்.

தமிழில் இதை 'நிறுவனக் கட்டமைப்பு' என்கிறார்கள். இரண்டு சொற்களுமே கொஞ்சம் வழிதவற வைப்பவை. 'கட்டமைப்பு' என்றதும் சாலை, பாலம், மின்கம்பம் நினைவுக்கு வருகின்றன. 'நிறுவனம்' என்றதும் பெயர்ப்பலகை மாட்டிய ஒரு கம்பெனி. உண்மையில் இந்தத் துறை 'எண்டர்பிரைஸ்' என்று சொல்வது பொதுவான நோக்கங்களைக் கொண்ட அமைப்புகளின் தொகுதியை. அது ஒரு கம்பெனியாக இருக்கலாம், கம்பெனியின் ஒரு பிரிவாக இருக்கலாம், பல கம்பெனிகளின் கூட்டாகவும் இருக்கலாம். 'ஆர்கிடெக்சர்' என்பது அதன் உறுப்புகள், அவற்றுக்கிடையேயான உறவுகள், அவை மாறும்போதும் வளரும்போதும் கைக்கொள்ள வேண்டிய விதிகள். இதன் பொருளைப் பாடநூலைவிட ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற இரு அண்டை ஊர்களின் நடைமுறை தெளிவாகச் சொல்லிவிடும் என்பது என் கட்சி.

அதற்குமுன் துறையின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1987இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஸாக்மன், அந்நிறுவனத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பில் 'எண்டர்பிரைஸ்' என்ற சொல்லே கிடையாது. தகவல் அமைப்புகளின் கட்டமைப்பு என்றுதான் இருந்தது. வீடு கட்டுவதையும் விமானம் செய்வதையும் கவனித்து அவர் சொன்னது எளிமையானது. வீட்டுக்காரர் பார்க்கும் வரைபடம் வேறு, கட்டட வரைஞர் பார்ப்பது வேறு, கொத்தனார் பார்ப்பது வேறு. ஒன்று மற்றொன்றின் விரிவாக்கம் அல்ல, ஒவ்வொன்றும் தனித்த பார்வை. கணினி அமைப்புகளுக்கும் இப்படித்தான் வேண்டும் என்றார். முதலில் என்ன, எப்படி, எங்கே என்ற மூன்று கேள்விகள். 1992இல் ஜான் சோவாவுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் யார், எப்போது, ஏன் என்ற மூன்றும் சேர்ந்தன. பின்னால் வந்த இந்த மூன்றுதான் முக்கியமானவை என்பது என் எண்ணம். முதல் மூன்றை இயந்திரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்றவற்றுக்கு மனிதர்களிடம் போய்த்தான் கேட்க வேண்டும்.

மாணவர்கள் பெரும்பாலும் படிப்பது டோகாஃப் என்ற சட்டகத்தை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தனக்காக உருவாக்கி வைத்திருந்த டாஃபிம் என்ற ஆவணத்திலிருந்து 1995இல் பிறந்தது அது. ஒன்பதாம் பதிப்பு 2009இல் வந்தது, பத்தாம் பதிப்பு 2022இல். ராணுவத்தில் தொடங்கியதன் சுவடு அதன் மொழியில் இன்னும் இருக்கிறது. எதையும் வரிசையாக, கட்டம் கட்டமாகத்தான் சொல்லும். இந்திய அரசும் 2018இல் 'இந்தியா' என்றே ஒலிக்கும் சுருக்கப் பெயருடன் தன் துறைகளுக்கென ஒரு சட்டகத்தை வெளியிட்டது.

இனி ராஜபாளையம். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவப்பட்டது, ஆலை துலுக்கப்பட்டியில். 1962இல் அவர் மறைந்தபின் மகன் ராமசுப்பிரமணிய ராஜா பொறுப்பேற்றார். 1965இல் கூரைத் தகடுகளுக்காக ராம்கோ இண்டஸ்ட்ரீஸ். பஞ்சு, சுண்ணாம்புக்கல், கல்நார் என்று மூலப்பொருள் ஒன்றோடொன்று ஒட்டாது. சந்தையும் ஒட்டாது. நூல் வாங்குபவர் சிமெண்ட் மூட்டை வாங்க வரமாட்டார். ஆனால் முதலீடு, நிர்வாகம், கணக்கு எல்லாம் ஒரு குடும்பத்தின் பார்வைக்குள் வரவேண்டும்.

1989இல் ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆராய்ச்சி வளர்ச்சிப் பிரிவாக ஒரு மென்பொருள் முயற்சி தொடங்கியது. முன்னின்றவர் ராமசுப்பிரமணிய ராஜாவின் மகன் வெங்கட்ராம ராஜா. 1997இல் அது ராம்கோ சிஸ்டம்ஸ் என்று தனி நிறுவனமாயிற்று. தொண்ணூறுகளில் 'மார்ஷல்' என்ற பெயரில் இ.ஆர்.பி. மென்பொருளை வெளியிட்டார்கள். கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் இணைப்பது அது. ஜெர்மானிய நிறுவனமான சாப் உலகச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். பஞ்சாலை முதலாளிகளின் மூன்றாம் தலைமுறை அந்தச் சந்தையில் இறங்கியது சிறிய விஷயமல்ல. நம் தொழில் வரலாறுகளில் இது இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். இ.ஆர்.பி.யும் எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சரும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு நூலாலையை எடுத்துக்கொள்வோம். எந்தக் குறிப்பிட்ட ஆலையும் அல்ல, பொதுவாகச் சொல்கிறேன். பேல் பேலாகப் பஞ்சு வருகிறது. மிக்சிங், ப்ளோரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று பல கைகள் மாறி நூலாகிறது. திருப்பூரில் அந்த நூலால் பின்னிய பனியன் துணியைச் சாயம் போடும்போது பட்டை பட்டையாக நிறம் மாறுகிறது. குற்றம் எங்கே? கிடங்குப் புத்தகம் பஞ்சை லாட் எண்ணால் சொல்லும். உற்பத்திப் புத்தகம் ஷிப்டையும் இயந்திர எண்ணையும் சொல்லும். விற்பனைப் புத்தகம் கவுண்ட்டையும் பெட்டி எண்ணையும் சொல்லும். ஒரே பொருளுக்கு மூன்று பெயர். மூன்றையும் முடிச்சுப் போடத் தெரிந்தவர் மிக்சிங் பிரிவில் இருக்கும் ஒரு பழைய மேஸ்திரியாக இருப்பார். அவர் சட்டைப்பையில் ஒரு சிறிய நோட்டு இருக்கும்.

இ.ஆர்.பி. அந்த மூன்று புத்தகங்களையும் கணினிக்குள் கொண்டுவரும். அந்த நோட்டு இருப்பதே அதற்குத் தெரியாது. மேஸ்திரி ஓய்வு பெற்ற பிறகு, மென்பொருள் பிழையின்றி ஓடிக்கொண்டிருக்க, ஆலை மட்டும் தன் நினைவை இழந்திருக்கும். எது எதனோடு எதனால் இணைந்திருக்கிறது, அந்த இணைப்பை யார் தாங்குகிறார்கள் என்று மென்பொருள் வாங்குவதற்கு முன்பே கேட்டு வரைந்து வைப்பதுதான் எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர். மென்பொருள் அதற்குக் கிடைக்கும் விடைகளில் ஒன்று மட்டுமே. கேள்வி தவறினால் சில வேலைகள் காரணம் தெரியாமலே காணாமல் போகும், அவற்றைச் செய்தவர்களும்தான்.

முதலாளி என்று ஒருவர் இல்லாத இடத்தில் இது எப்படி நடக்கும்? அதற்குச் சில மைல் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் மதுரையில் வைகையில் இறங்கும்போது ஆண்டாள் சூடிக் களைந்த மாலையை அணிந்திருப்பார். புரட்டாசியில் திருமலை பிரம்மோத்சவத்தின் கருட சேவைக்கும் இங்கிருந்து மாலையும் கிளியும் பட்டும் போகின்றன. பங்குனி உத்திரத்தில் ஆண்டாள் திருக்கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து பட்டுப்புடவை வருகிறது. பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு இதை ஒரு நிர்வாகியின் கண்ணால் பாருங்கள். மூன்று கோயில்கள், மூன்றுக்கும் சேர்த்து ஓர் அதிகாரி கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரும் அழகர்கோயிலும் தமிழக அறநிலையத் துறையின் கீழ், திருமலை தேவஸ்தானம் ஆந்திரத்தில். 1953இல் ஆந்திரம் பிரியும்வரை மூன்றும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. பஞ்சாங்கமும் வேறு. தமிழ் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுபவை, திருமலையின் தெலுங்குப் பஞ்சாங்கம் சந்திரனை. அதிக மாதம் வரும் ஆண்டில் அங்கே இரண்டு பிரம்மோத்சவங்கள். எந்த நாளுக்கு மாலை போய்ச்சேர வேண்டும் என்பதை இங்கே கட்டுகிறவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பூவோ காத்திருக்காது.

ஸாக்மனின் ஆறு கேள்விகளுக்கும் இங்கே பதில் இருக்கிறது. 'ஏன்' என்பதற்கான பதில் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் மற்ற ஐந்தும் மாறினாலும் ஏற்பாடு குலையாமல் நிற்கிறது. வண்டி மாறலாம், சாலை மாறலாம், அதிகாரிகள் மாறலாம். பாடநூல் இதையே 'விரிந்த எண்டர்பிரைஸ்' என்ற வறண்ட பெயரால் குறிக்கிறது.

கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரி வந்தது, ராஜபாளையத்தில் 2013இல் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி. இவற்றிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறவர்களில் சிலர் பத்து ஆண்டுகள் கழித்து இந்தத் தேர்வுக்கு வருகிறார்கள். முதற்பகுதி அறுபது நிமிடத்தில் நாற்பது வினாக்கள், மனப்பாடம் கைகொடுக்கும். இரண்டாம் பகுதியில் எட்டே வினாக்கள், தொண்ணூறு நிமிடம், நூலைத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சிக்கலை ஒரு பக்கக் கதையாகச் சொல்லி, நான்கு விடைகள் தரும். மிகச் சிறந்ததற்கு ஐந்து மதிப்பெண், அடுத்ததற்கு மூன்று, அதற்கடுத்ததற்கு ஒன்று, நான்காவதற்குச் சுழியம். மூன்று விடைகளில் ஏதோ ஒரு அளவு சரி இருக்கிறது. நூல் மேசைமேல் திறந்தே கிடந்தாலும், கதைக்குள் இருக்கும் மேஸ்திரியைக் கண்டுபிடிக்காதவருக்கு மூன்றோ ஒன்றோதான் கிடைக்கும்.