முப்பது ஆண்டுத் திட்டமும் ஆறாண்டு அவகாசமும்: விக்டோரியா அணை நிர்மாணம் பற்றிய ஒரு நோக்கு

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே குண்டசாலை, பல்லேகலை ஆகிய ஊர்களைக் கடந்ததும் எதிர்ப்படுவது திகன. தும்பறைப் பள்ளத்தாக்கு என வழங்கும் இப்பிரதேசம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொக்கோப் பயிருக்கும் புகையிலைக்கும் பெயர் பெற்றிருந்தது. இன்று திகனவைக் காண்போர் அங்கே மலையகத்துச் சிற்றூர்களுக்குப் பொதுவாக இல்லாத ஓர் ஒழுங்கைக் கவனிப்பர். விக்டோரியா அணையைக் கட்ட வந்த வெளிநாட்டுப் பொறியியலாளர்களுக்கென எழுந்த குடியிருப்பு, ‘திகன கிராமம்’ என்ற பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஒரு நிர்மாண வேலைத்தளத்தின் தேவையால் உருமாறிய ஊர் திகன எனலாம்.

நிர்மாண முகாமைத்துவம் பற்றி இக்காலத்தில் எழுவோர் ‘அஜைல்’ என்னும் சொல்லைப் பெரிதும் விரும்பி ஆளுகின்றனர். திட்டம் முழுவதையும் தொடக்கத்திலேயே வரையறுத்து, அதனை வழுவாது பின்பற்றுவதற்குப் பதிலாக, வேலையைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூறு முடிந்ததும் பயன்படுத்துவோரின் கருத்தைக் கேட்டு, அடுத்த கூறைத் திருத்தியமைப்பதே அம்முறையின் சாரம். கணினி மென்பொருள் துறையைச் சேர்ந்த பதினேழு பேர் 2001-ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திற் கூடி வெளியிட்ட பிரகடனத்தோடு அப்பெயர் நிலைபெற்றது. மென்பொருளுக்குப் பிறந்த முறை மண்ணையும் பாறையையும் கையாளும் தொழிலுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே வினா. இதற்கு விடை தேடப் பிறநாட்டு உதாரணங்களை நாடவேண்டியதில்லை. அப்பெயர் தோன்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, திகனவின் அயலில், திட்டமிடலும் வடிவமைப்பும் கட்டுமானமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடிய பெருவேலை ஒன்று நிகழ்ந்தேறியது.

மகாவலிப் பெருந்திட்டம் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம், உணவு விவசாய நிறுவனம் ஆகியவற்றின் துணையுடன் 1965 முதல் 1968 வரை ஆராய்ந்து வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 900,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் வழங்குவதும் மின்னுற்பத்தியைப் பெருக்குவதும் அதன் நோக்கங்கள். மூன்று கட்டங்களாக, முப்பது ஆண்டுகளில் நிறைவேற்றுவதென அது வரையப்பெற்றது. முதற் கட்டமாகிய பொல்கொல்லைத் திசைதிருப்பம் 1970-இல் தொடங்கி 1976-இல் முடிவுற்றது. ஒரு கட்டத்தின் அனுபவம் அடுத்த கட்டத்துக்கு வழிகாட்டும் என்பதே இத்தகைய நிதானமான ஒழுங்கின் உள்ளுறையாகும்.

1977-இல் ஆட்சி மாறியது. வேலையின்மையும் அரிசி இறக்குமதியும் மின் பற்றாக்குறையும் புதிய அரசை நெருக்கின. முப்பது ஆண்டுத் திட்டத்தின் முக்கிய பாகங்களை ஆறு ஆண்டுகளுக்குள் முடிப்பதென முடிவாயிற்று. ‘துரித மகாவலி அபிவிருத்தித் திட்டம்’ என்ற பெயரே அதன் அவசரத்தைப் பறைசாற்றியது. 1979-ஆம் ஆண்டின் 23-ஆம் இலக்கச் சட்டத்தால் மகாவலி அதிகார சபை உருவாயிற்று. விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என நாட்டுக்கொன்றாக வேலைகள் பகிரப்பட்டன. ஒல்லாந்து நாட்டு நெடெக்கோ நிறுவனம் திட்டத்தை எவ்வாறு நிறைவேற்றுவது என்பது பற்றிய ஆய்வறிக்கையை 1979-இல் அளித்தபோது, விக்டோரியாவில் ஆரம்ப வேலைகள் தொடங்கிவிட்டிருந்தன. நிறைவேற்றும் வழி ஆராயப்படுமுன்னரே நிறைவேற்றம் தொடங்கியமை துரிதத்தின் இயல்பை நன்கு புலப்படுத்துகிறது.

இவ்விடத்தில் மாதுறு ஓயா பற்றிய செய்தி ஒன்றையும் குறிப்பிடலாம். அங்கே அணைக்கென மண்ணை அகழ்ந்தபோது பண்டைய நீர்ப்பாசனப் பொறியியலாளர் அமைத்த மதகு ஒன்று வெளிப்பட்டது. நவீன அளவைக் கருவிகள் தேர்ந்த அதே இடத்தை நூற்றாண்டுகளுக்கு முன்னரே வேறு கண்கள் தேர்ந்திருந்தன. அவர்களிடம் எத்தகைய வேலை அட்டவணை இருந்தது என்பதை அறிய வழியில்லை. அவசரம் இருந்திருக்காது என்று மாத்திரம் ஊகிக்கலாம்.

விக்டோரியா இரட்டை வளைவுடைய கொங்கிறீற்று வில்லணையாகும். உயரம் 122 மீற்றர். முகட்டின் நீளம் 520 மீற்றர். ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியாக நீர் மின்னிலையத்தைச் சென்றடைகிறது. அங்குள்ள மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 210 மெகாவாற்று மின்சாரத்தைப் பிறப்பிக்கவல்லன. சேர் அலெக்சாண்டர் கிப் நிறுவனத்தார் ஆலோசகப் பொறியியலாளராய் அமைந்தனர். அணையையும் சுரங்கத்தையும் பல்போர் பீற்றி, நட்டால் ஆகிய நிறுவனங்கள் கூட்டாகக் கட்டின. பிரித்தானிய அரசு 100 மில்லியன் பவுணுக்கு மேற்பட்ட தொகையை நன்கொடையாக வழங்கியது. 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் வருகை தந்த விழாவில் அணை திறந்து வைக்கப்பட்டது.

வழமையான முறைப்படி சாத்தியக்கூற்று ஆய்வு, விரிவான வடிவமைப்பு, கேள்விப் பத்திரம், ஒப்பந்தம், நிர்மாணம் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியவை. துரிதத் திட்டத்திலோ இப்படிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. பாதைகளும் முகாம்களும் அமைந்துகொண்டிருக்கையில் வடிவமைப்பு முன்னேறியது. காலம் மிச்சமானது இவ்வாறுதான். இத்தகைய படிகளை ஒருங்கிணைக்க அன்று கையிலிருந்த கருவிகள் இரண்டு. ஒன்று, ஹென்றி காண்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரப்பிய பட்டை வரைபடம். மற்றையது, எந்த வேலை பிந்தினால் முழுத் திட்டமும் பிந்துமோ அந்த வேலைகளின் தொடரைக் கணக்கிட்டுக் காட்டும் முறை. இது 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனத்தில் உருவானது. இவை வேலைகளின் வரிசையைக் காட்டும். வேலை ஏன் தவறுகிறது என்பதைக் காட்டமாட்டா.

துரிதத்துக்குப் பணியாத பகுதிகளும் இருந்தன. வில்லணை, தன்மீது மோதும் நீரின் அழுத்தத்தை இருமருங்கிலுமுள்ள மலைப் பாறைக்குக் கடத்தி நிற்பது. ஆதலால் அப்பாறை எத்தகையது என்பதிலேயே அதன் உயிர் தங்கியுள்ளது. துளையிட்டு எடுத்த மாதிரிகள் ஓரளவே சொல்லும். அகழ்ந்து பார்த்த பின்னரே முழுமையாகத் தெரியும். எனவே அகழ்வு முடியும்வரை வடிவமைப்பும் முடிவுறாது. இது எந்த முகாமைக் கோட்பாட்டாலும் வந்த நெகிழ்ச்சியன்று. நிலத்தின் இயல்பால் வந்தது. அவ்வாறே கொங்கிறீற்று இறுகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. வில்லணைகளைத் தனித்தனிப் பாளங்களாக எழுப்பி, அவை குளிர்ந்து சுருங்கிய பின்னரே இடைமூட்டுக்களிற் சீமெந்துக் கூழ் செலுத்தி ஒரே உடலாக்குவர். குளிரும் காலத்தை நீர்க்குழாய்கள் பதித்துக் குறைக்கலாம். அமைச்சரின் கட்டளையால் குறைக்க முடியாது.

பின்வந்த ஆய்வாளர் இந்நெகிழ்ச்சியை முறையாக்க முயன்றனர். 1990களில் கிளென் பல்லார்ட், கிரெக் ஹொவெல் ஆகியோர் கட்டுமானத் தளங்களின் வாராந்தத் திட்டங்களைப் பரிசீலித்து, ஒரு வாரத்துக்கெனக் குறித்த வேலைகளுள் ஏறத்தாழ அரைவாசியே குறித்தபடி முடிவதைக் கண்டனர். வேலையைச் செய்யும் குழுவின் தலைவரே, பொருளும் ஆளும் இடமும் ஆயத்தமாயுள்ளனவா எனப் பார்த்து அடுத்த வாரத்துக்கான வாக்குறுதியை அளிக்கவேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. மேலிருந்து வரும் கட்டளையின் இடத்திற் கீழிருந்து வரும் வாக்குறுதி அமர்கிறது. கட்டுமானத்தில் அஜைல் எனப்படுவதன் பயனுள்ள பகுதி பெரும்பாலும் இதுவே. கணினியில் முப்பரிமாண மாதிரியை அமைத்து, தூணும் குழாயும் ஒன்றோடொன்று மோதுமிடங்களைத் தளத்துக்குச் செல்லுமுன்னரே கண்டுகொள்ளும் கட்டடத் தகவல் மாதிரியாக்கமும் இதற்குத் துணைநிற்கிறது. மையத்தின் செலவில் எழுப்பப்படும் அரச கட்டடங்களுக்கு இதனைப் பிரித்தானியா 2016-இல் கட்டாயமாக்கியது.

இலங்கையில் 1986-இல் நிர்மாணப் பயிற்சி அபிவிருத்தி நிறுவகமும், 2014-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையும் தோன்றின. எனினும் புதிய முறைகளுக்குத் தடையாயிருப்பது கருவிப் பஞ்சம் மாத்திரமன்று. ஒப்பந்தமே முதற் தடை. வரைபடமும் அளவுப் பட்டியலும் முடிந்த பின்னர் விலை கோரி, குறைந்த விலையாளருக்கு வேலையை அளிப்பது அரச கொள்வனவின் மரபு. அதன் பின் எழும் எந்த மாற்றமும் மேலதிகக் கொடுப்பனவுக் கோரிக்கையாகவே உருவெடுக்கிறது. திருத்தத்தை வரவேற்கும் முறையும் திருத்தத்தைத் தகராறாகக் கருதும் ஒப்பந்தமும் ஒரே தளத்தில் நெடுநாள் சேர்ந்திருக்க மாட்டா. ஊழலைத் தடுக்க எழுந்த மரபு அது என்பதால் எளிதிற் கைவிடவும் இயலாது.

மென்பொருளுக்கும் அணைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு நீரை நிரப்பும் கணத்திலே தோன்றுகிறது. மென்பொருளில் முதற் பதிப்பு பிழைத்தால் இரண்டாவதை வெளியிடலாம். பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவ நீர்த்தேக்கத்தை 1992-இல் நிரப்பியபோது வலது கரையூடாகப் பெருங்கசிவு ஏற்பட்டது. 1998-இல் நீருக்கடியிற் களிமண்ணைக் கொட்டி மூட முயன்றும் கசிவு நிற்கவில்லை. நிலத்தைப் பற்றிய ஐயங்களுக்கு நிரப்புவதற்கு முன்னர் செலவிடும் காலம் வீண்காலமன்று என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இந்நாட்டில் இல்லை.

விக்டோரியாவிலே சுவர் கசியவில்லை. பொறியியல் நோக்கில் அது மெச்சத்தக்க ஆக்கமே. அதன் எட்டு வான்கதவுகளும் நீர் உச்ச மட்டத்தை அடையும்போது, மின்சாரமோ மனிதரோ இன்றி, எதிர்நிறைகளின் துணையால் தாமே திறக்கும்படி அமைந்தவை. எண்ணியல் தொழில்நுட்பத்தைப் புகழும் இந்நாளில் இவ்வெளிய ஏற்பாடு நினைவிற் கொள்ளத்தக்கது.

திருத்த இயலாது போனது வேறிடத்திலாகும். பழைய தெல்தெனிய நகரும் சூழவிருந்த கிராமங்களும் வயல்களும் நீரில் ஆழ்ந்தன. ஏறத்தாழ 30,000 மக்கள் இடம்பெயர்ந்தனர். மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றோருக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டு நிலமும் என்பது பொது ஏற்பாடு. மலைநாட்டுக் குளிரிலே மிளகும் பாக்கும் கொக்கோவும் கலந்த வீட்டுத் தோட்டத்தில் வாழ்ந்தவர் வறள் வலயத்து நெல்வயலில் மீண்டும் தொழில் கற்கவேண்டியிருந்தது. கண்டியை விட்டகல விரும்பாதோர் அயலிலேயே சிறு துண்டு நிலங்களில் அமைந்தனர். கட்டுமானத்தின் ஒவ்வொரு படியும் மற்றப் படியுடன் செய்தி பரிமாறிக்கொண்ட அத்திட்டத்திலே, நீர் எழும் நாள் குறிக்கப்பட்ட பின்னர் இம்மக்களின் கருத்தினால் மாற்றக்கூடிய பகுதி மிகச் சிலவே. பயன்படுத்துவோரின் கருத்து என அஜைல் நூல்கள் கூறுவதை அணைக்குப் பொருத்தும்போது, பயன்படுத்துவோர் யார் என்பதே முதலில் தீர்க்கப்படவேண்டிய வினாவாகிறது. மின்சாரம் பெறும் கொழும்பு நகரத்தவரா, நீர் பெறும் உழவரா, நிலம் இழந்தவரா? 1977-இன் அவசரத்தில் இவ்வினாவுக்கு இடமிருக்கவில்லை.

திகனவில் இவ்விடயம் முற்றுப்பெற்றுவிட்டதுமன்று. 2020-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இப்பிரதேசத்திற் சிறு நில அதிர்வுகள் பலமுறை உணரப்பட்டன. நீர்த்தேக்கத்தோடு அவற்றுக்குத் தொடர்புண்டா, அயலிலுள்ள கற்குழி வெடிப்புகள் காரணமா என்றெல்லாம் ஐயங்கள் எழுந்தன. புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம் ஆய்வில் இறங்கியது. பல்லேகலையில் உலக நில அதிர்வு வலையமைப்பைச் சேர்ந்த பதிவு நிலையம் ஒன்று இருந்தமை இவ்வாய்வுக்குப் பேருதவியாயிற்று. அணையைக் கட்டிய நாளில் அத்தகைய எண்ணியற் பதிவு அங்கு இருக்கவில்லை. ஆயினும் எவ்வீட்டிலே அதிர்வு எவ்வாறு உணரப்பட்டது, எச்சுவரில் வெடிப்புத் தோன்றியது என்ற விவரங்களை அப்பதிவு தராது. அவற்றை வீடு வீடாகச் சென்று ஊரவரிடமே கேட்டறியவேண்டியிருந்தது. அவ்வூரவருள் நீர்த்தேக்கத்துக்காக முன்னர் நிலத்தை விட்டுக்கொடுத்த குடும்பங்களும் உள்ளன.