தீயணைப்போர் சிலுவை

ஐக்கிய அமெரிக்காவில் தீயணைக்கும் படையினர் பலர் அணியும் சின்னம் மால்ற்றாச் சிலுவை எனப்படும். சிலுவைப்போரில் பகைவர் வீசிய எரிநெய்த் தீயினின்றும் தோழரைக் காத்த பரிசுத்த யோவான் சபை வீரர்க்கு அது பரிசாயிற்று என்பது கதை. கதை இனிது, காலக்கணக்கோ இடங்கொடாது. அவ்வீரர் பலத்தீனத்தில் இறுதியாகக் காத்துநின்ற ஆக்கர் நகர் 1291இல் வீழ்ந்தது. மால்ற்றாத் தீவு அவர் கைக்கு வந்ததோ 1530இல். அதன் பின்னரன்றி அச்சிலுவை மால்ற்றாவின் பெயரைப் பெறுதல் யாங்ஙனம்?

வடிவமும் ஒவ்வாது. சபையார் சிலுவைக்குக் கூர்முனைகள் எட்டு. படையினர் சின்னத்தின் கைகளோ பெரும்பாலும் அகன்று வளைந்து முடிவன. (நாடோறும் அதனை அணிவோரும் இதனை எண்ணிப் பார்த்திலர் போலும்.) இவ்வடிவைப் புளோரியன் சிலுவை என்பாருமுளர். உரோம அரசின் அலுவலரான புளோரியன், கிறித்து நெறியைக் கைவிட மறுத்தமையால், 304இல் என்சு ஆற்றில் அமிழ்த்தப்பட்டார் என்பர். எரியும் வீட்டின்மேல் நீர் வார்ப்பவராக ஓவியர் அவரைத் தீட்டுவர். வாளேந்திய வீரரினும் இந்நீர்க்கலத்தாரே அச்சின்னத்திற்கு உரியர் என்பது எம் துணிபு.